மெழுகுவத்தி அறைக்கு ஒரு மனு

முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையில் ஒரு கல்லூரியில் இங்கிலாந்து தேச சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான். இங்கிலாந்துக்குப் போனதில்லை. போன தூரம் கோலார் தங்கவயல் வரைக்கும்தான். ஆனால் யாராவது கேட்டால், வெளிநாடு போய் வந்திருக்கிறேன் என்றுதான் சொல்வேன். அது முழுப்பொய் அல்ல. மைசூர் மகாராஜாவின் சமஸ்தானம் சென்னை ராஜதானிக்கு வெளியே இருந்தது. அப்போது பிளேக் நோய்க் காலம். திரும்பி வரும்போது பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, வீடு போய்ச் சேர்ந்த பிறகும் தினந்தோறும் ஒரு சுகாதார உத்தியோகஸ்தர் முன்னால் போய் நிற்கச் சொன்னார்கள். பாஸ்போர்ட் கேட்கிற இடம் வெளிநாடுதானே.

இந்தப் பயணத்தைப் பற்றி நண்பர்களிடம் வேடிக்கையாகப் பலமுறை பேசியிருக்கிறேன். நன்றாகச் சிரிப்பார்கள். ஒரு பகுதியை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவேன். எழுபது வயது தாண்டிவிட்டது. இந்தத் தடவை விடாமல் எழுதுகிறேன்.

என்னை அழைத்தவர் வரதன். என்னிடம் படித்தவர், அங்கே ஒரு சுரங்கத்தின் ஆபீசில் குமாஸ்தா. சுரங்கத்தின் பெயர் வேண்டாம். குமாஸ்தாக்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்தினார்கள். அதில் நான் ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும். தலைப்பு நானே கொடுத்தேன்: ‘இங்கிலாந்து வறுமையை வென்ற விதம்.’ தங்கவயலுக்கு மின்சாரம் வந்த புதிது. ஊருக்கு வெளிச்சம் வந்துவிட்டது, அறிவையும் நாம் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்ற எண்ணத்தோடு ரயில் ஏறினேன்.

ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கும்படி வரதன் எழுதியிருந்தார். பௌரிங்பேட்டையில் வண்டி மாறிய பிறகு நான் என் பிரசங்கத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் கூடைக்குள் கோழி வைத்திருந்த ஒரு பெண்பிள்ளை பக்கத்திலிருந்தவளிடம், “இந்தப் பெரியவரு யார்கிட்ட பேசிகினு வராரு?” என்றாள். “சாமிகிட்ட இருக்கும். சொரங்க ஷாஃப்ட்ல எறங்கப் போறாரோ இன்னாவோ, பாவம்” என்றாள் மற்றவள். அதற்குள் ஊரிகம் வந்து போய்விட்டது. பாதை முடிந்துபோகிற மாரிகுப்பத்தில்தான் நான் தலை நிமிர்ந்தேன்.

அங்கே ஜட்கா ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கும் மரங்களை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி புறப்பட இருந்தது. மரங்களின் மேல் ஒரு வெள்ளைக்காரர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொப்பியெல்லாம் மண். நான் என்னுடைய ஆகச் சிறந்த ஆங்கிலத்தில், அவர் அருள்கூர்ந்து ஊரிகத்துக்கு மார்க்கம் சொல்ல இயலுமா என்று விசாரித்தேன். அவர் ஏதோ பதில் சொன்னார். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஜெர்மானியர் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் முறை சொன்னார். அதுவும் புரியவில்லை. கடைசியில் அவர் துப்பிவிட்டு, “இன்னா சாமி, எங்க போவணும்? ஏறு வண்டில” என்றார்.

இப்படியாக, வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தைக் கற்பித்த நான், என் வாழ்க்கையில் முதன்முதலாக நெருங்கிப் பேசிய ஆங்கிலேயரோடு வடாற்காட்டுத் தமிழில் பேசினேன். அவர் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. என் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. அவர் பெயர் ஜாகோ. கார்ன்வால் என்ற இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வந்தவர். அங்கே வெள்ளீயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிப்போய், ஆண்பிள்ளைகள் உலகமெங்கும் குழி தோண்டக் கிளம்பிவிட்டார்களாம். இவர் பத்தொன்பது வருஷமாக இங்கே கீழே இறங்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. நான் எழுதிய இங்கிலாந்து சரித்திரப் புத்தகத்தில் கார்ன்வாலுக்கு ஒரே ஒரு வரிதான் உண்டு, அதுவும் அங்கே மழை அதிகம் என்று.

மறுநாள் காலை வரதன் ஊரைச் சுற்றிக் காட்டினார். ஒரு பக்கம் துரைமார் பங்களாக்கள், ரோஜாத் தோட்டம், கிளப்பு, பந்து விளையாடும் புல்தரை. குட்டி இங்கிலாந்து என்கிறார்கள், எனக்குப் புல்லரித்தது. மறுபக்கம் மலை மலையாகச் சாம்பல் நிற மண். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. காற்றடித்தால் அது சாப்பாட்டில் வந்து விழுகிறது. ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, தலைமயிர், வாய், கோவணம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். நாள் முழுக்கத் தங்கப் பாறையைக் குடைந்தவன் ஒரு துணுக்கு வெளியே கொண்டுபோய்விடக் கூடாதாம். “துரைமாரையும் சோதிப்பார்களா?” என்று கேட்டேன். வரதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “சார், நாஷ்டா பண்ணப் போலாமா?” என்றார்.

தொழிலாளிகள் இருக்கும் லைன் வீடுகள் மூங்கில் தட்டியால் கட்டியவை. நிமிர்ந்து நிற்க முடியாது. சிலவற்றில் ஓர் அறையில் இரண்டு குடும்பம். மான்செஸ்டர் நகரத்து ஏழைகள் நிலவறைகளில் குடியிருந்ததை நான் வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்குக் கண் கலங்கும், எனக்கும் கலங்கும். இங்கே ஒரு தட்டி வீட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, வரதனிடம், “காற்றோட்டம் நன்றாக இருக்கிறது” என்றேன். அதைச் சொன்னவன் நான்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

மத்தியானம் ஜாகோ வீட்டில் சாப்பாடு; வண்டியில் வரும்போதே அழைத்திருந்தார். நான் சைவம் என்று தெரிந்து எனக்காக உருளைக்கிழங்கு மட்டும் வைத்துப் பாஸ்டி என்ற அவர்கள் ஊர்ப் பலகாரம் செய்யச் சொல்லியிருந்தார். பெரிய சோமாசி போல இருக்கிறது. ஓரத்தில் கயிறு முறுக்கினாற்போலக் கனமான விளிம்பு. அழுக்குக் கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தின்று, விளிம்பை மட்டும் சுரங்கத்துக்குள் எறிந்துவிடுவார்களாம்.

“யாருக்கு?” என்றேன்.

“கீழ கீறவங்களுக்கு. எங்க ஊர்ல குட்டிச் சாமிங்க. இங்க முனீஸ்வரன். பேருதான் வேற, பசி ஒண்ணுதான்.”

சாப்பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். “எட்டு வயசுல கல்லு பொறுக்கப் போனேன். எங்கம்மா சுத்தியால கல்லு ஒடைக்கும், பொழுதன்னிக்கும். அப்பனுக்கு நெஞ்சு பூரா தூசி. சுரங்கத்த மூடிட்டான், வூடும் போச்சு. எங்க ஊர்ல ஏழைங்கள வெக்கிறதுக்குன்னு ஒரு சர்க்கார் வூடு கீது. போனோம். வாசல்லியே அப்பன இந்தப் பக்கம் அனுப்சான், அம்மாவ அந்தப் பக்கம் அனுப்சான். புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கக் கூடாதாம். அப்பால அதுங்க ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல.”

நான் தண்ணீர் குடித்துவிட்டு, அது ஆயிரத்தெண்ணூற்று முப்பத்துநான்காம் வருஷத்து ஏழையர் சட்டத்தின் விளைவு என்றும், சோம்பேறித்தனத்தைக் குறைப்பதே அதன் நோக்கம் என்றும் விளக்கினேன்.

ஜாகோ பொறுமையாகக் கேட்டார். “அப்டியா. நல்லதுக்குத்தான் செஞ்சாங்களா. எங்கம்மாவுக்கு அது தெரியாமப் போச்சு” என்றார்.

சாயங்காலம் பிரசங்கம். சிறுவர்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பக் கூடாது என்று பார்லிமெண்டு சட்டம் போட்ட இடத்துக்கு வந்தபோது என் குரல் தழுதழுத்தது. கை தட்டினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஜாகோ எழுந்தார். வெள்ளைக்காரர் தமிழில் பேசுவது அங்கே யாருக்கும் புதிதல்ல.

“வாத்தியாரே, நீ சொன்னது கீழ எறங்கற பசங்களுக்கு. நான் மேல கல்லு பொறுக்கினவன். எனக்கு எந்தச் சட்டம்?”

“அதற்கு வேறு சட்டம் வந்தது” என்றேன்.

“எப்போ?”

எனக்கு வருஷம் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். “நீங்கள் வளர்ந்த பிறகு” என்றேன்.

குமாஸ்தாக்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜாகோவும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஜாகோ ஒரு தம்பதியை வரதன் வீட்டுக்கு அழைத்து வந்தார். புருஷன் முனுசாமி, குடியாத்தம் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். பதினோரு வருஷம் ஜாகோவின் ஆட்களில் ஒருவராகக் கீழே இறங்கியவர். மூன்று மாதத்துக்கு முன் பாறை சரிந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மனைவி அஞ்சலை. லைன் வீடு சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்குத்தான் சொந்தம். வேலை இல்லாதவன் வாரக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

“ஊருக்குப் போக முடியாதா?” என்று கேட்டேன்.

“ஊர்ல இன்னா கீது ஐயா? நெலம் இருந்தா நாங்க ஏன் இந்தப் பொந்துக்குள்ள வரோம்?” என்றாள் அஞ்சலை.

அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கீழே போகிறவர்களுக்கு மெழுகுவத்தி எடுத்துக் கொடுக்க ஓர் அறை உண்டு. உட்கார்ந்து செய்யும் வேலை. அங்கே இருந்த கிழவர் சமீபத்தில் செத்துப்போயிருந்தார். அந்த இடம் கிடைத்தால் வீடும் நிற்கும்.

“காலு போச்சு, கையி கீது ஐயா. வத்திய எடுத்துக் குடுக்கறதுக்குக் காலு எதுக்கு?” என்றார் முனுசாமி.

“பெரிய தொரை காதுல நான் போட்டுக்கீறேன். பாக்கலாம்னாரு. ஆனா காகிதமா வந்தாதான் ஆபீசுல நடக்கும். எனக்கு எழுத வராது. ஒரு வரி எழுதிக் குடு” என்றார் ஜாகோ.

ஒரு வரி என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் ஒரு வரி எழுத என்னை எதற்குச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும்? மூன்று மணி நேரம் எழுதினேன். பெரிய தாளில் நான்கு பக்கம். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஜான் மன்னன் காலத்துச் சாசனத்தில் தொடங்கி, ஏழையர் சட்டம், பஞ்சாலைச் சட்டம், பத்து மணி வேலைச் சட்டம் என்று ஒன்றையும் விடாமல் வந்தேன். கருமையடைந்த அந்த ஆலைகளின் பக்கத்தில் இந்தச் சுரங்கத்தின் பெயரையும் சரித்திரம் எழுத நேராதிருக்கட்டும் என்று ஒரு வாக்கியம். அதை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. மெழுகுவத்தி அறை என்ற சொல் அந்த நடைக்குப் பொருந்தவில்லை. அடித்துவிட்டுத் ‘தகுந்த உத்தியோகம்’ என்று போட்டேன். அது நாலாம் பக்கத்தில் வந்தது.

முழுவதையும் ஆங்கிலத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். அஞ்சலை கைகூப்பிக்கொண்டு கேட்டாள். “கோயில்ல மந்தரம் சொல்றாப்பல கீது” என்றாள். ஜாகோ தலையைச் சொறிந்தார்.

“பெருசா கீதே வாத்தியாரே. பெரிய தொரை ரெண்டாவது வரிக்கே கொட்டாவி வுடுவாரு.”

“உங்கள் நாட்டுச் சரித்திரத்தின் வலிமை உங்களுக்கே தெரியவில்லை” என்றேன்.

“இருக்கலாம்” என்றார்.

முனுசாமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் பெருவிரலில் நானே மை தடவி, நாலாம் பக்கத்தின் அடியில் வைத்து அழுத்தினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் தமிழில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால், சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்திருக்கும்.

நான்காம் நாள் பெரிய துரை, அதாவது சுரங்கத்தின் சூப்பரிண்டெண்டு, என்னைத் தேநீருக்கு அழைத்தார். பிரசங்கத்தைப் பற்றி யாரோ நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பங்களாத் தாழ்வாரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. விதை போட்ட கேக்கு, வெள்ளரிக்காய் வைத்த மெல்லிய ரொட்டி. இவர் ஆங்கிலம் எனக்கு நன்றாகப் புரிந்தது. என் ஆங்கிலமும் அவருக்குப் புரிந்தது. ஒருவழியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தோம் என்று மனம் குளிர்ந்தது.

இரண்டாவது கோப்பைக்குப் பிறகு அவர், “உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன்” என்று உள்ளேயிருந்து நான்கு பக்கத்தை எடுத்து வந்தார். சத்தமாகப் படித்தார். ஜான் மன்னன் வந்தபோது அவர் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கருமையடைந்த ஆலைகளைத் துரை கையை ஆட்டிக்கொண்டு படித்தார். பிறகு காகிதத்தை மேஜையில் போட்டார்.

“இவனுக்கு என்னதான் வேண்டுமாம்? பார்லிமெண்டா? எங்கள் மேஸ்திரி ஒருவன் இவனை மெழுகுவத்தி அறையில் உட்கார வைக்கச் சொன்னான். சரி என்று சொல்வதாகத்தான் இருந்தேன். இப்படிப்பட்ட காகிதத்தில் விரல் வைக்கிறவனை உள்ளே வைத்துக்கொண்டால் நாளைக்கு எல்லோரும் விரல் வைப்பார்கள்.” என் பக்கம் திரும்பினார். “நீங்கள் படித்தவர். இந்த ஊரில் இப்படி ஆங்கிலம் எழுதக்கூடியவன் யார் என்று உங்களால் ஊகிக்க முடிகிறதா?”

கேக்கு என் கையில் இருந்தது. அவனுக்கு வேண்டியது அந்த மெழுகுவத்தி அறைதான், மற்றதெல்லாம் நான் எழுதியது என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

“கடைத்தெருவில் மனு எழுதுகிறவர்களில் யாராவதாக இருக்கும்” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று காகிதத்தை வாங்கிப் பார்த்து, “மூன்றாவது வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை” என்றும் சொன்னேன். துரையம்மாள் மறுபடி சிரித்தாள். எனக்கு இன்னொரு துண்டு கேக்கு வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஜாகோ வந்தார். வாசலிலேயே நின்றார்.

“முனுசாமிய நாளைக்கே போவச் சொல்ட்டாங்க. வாரக் கடைசி வரைக்கும்கூட இல்ல.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

“எழுதினது யாருன்னு என்னக் கேட்டாரு பெரிய தொரை. தெரியாதுன்னுட்டேன். உன்னையும் கேட்டாராமே.”

“ஆமாம்.”

“இன்னா சொன்ன?”

“தெரியாது என்று.”

ஜாகோ தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “காலைல ஆறு மணிக்கு அவரு ஷாஃப்டுக்கு வருவாரு. அங்க போயி, நான்தான் எழுதினேன், இவனுக்கு வத்தி ரூம்தான் வேணும், வேற ஒண்ணும் வாணாம்னு சொல்லு. என்ன மாரி ஆளு சொன்னா கேக்க மாட்டாரு. உன் கூட டீ குடிச்சிக்கீறாரு, கேப்பாரு.”

“காலையில் எனக்கு ரயில் இருக்கிறது” என்றேன்.

“ரயிலு பத்து மணிக்கு” என்றார். போய்விட்டார்.

ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டேன். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. உடுத்திக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். பெரிய துரை பல்கலைக்கழகத்தில் தனக்கு ஒரு நண்பர் இருப்பதாகவும், என் புத்தகத்தைப் பாடமாக வைக்கச் சொல்லி எழுதுவதாகவும் தேநீர் நேரத்தில் சொல்லியிருந்தார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. திரும்ப உள்ளே வந்து பெட்டியைக் கட்டினேன். புத்தகம் பாடமாயிற்று. ஒன்பது வருஷம் பாடமாக இருந்தது.

ஊரிகம் ஸ்டேஷனில் முனுசாமியும் அஞ்சலையும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே வண்டி. ஒரு பாய், இரண்டு பானை, ஒரு மூட்டை. முனுசாமி ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். மறைந்துகொள்ளத் தூண் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உட்காருங்கள்” என்றேன்.

“தொரை அத்தப் படிச்சாரா ஐயா?”

“படித்தார்.”

“அப்ப சரி. அப்பால அவரு இஷ்டம். நம்ம கையில இன்னா கீது.”

அஞ்சலை கேட்டாள்: “அந்தக் காகிதத்துல இவரு பேரு வந்துச்சா ஐயா?”

“வந்தது.”

“எத்தினி தபா?”

நான்கு பக்கத்தையும் மனத்துக்குள் புரட்டினேன். ஜான் மன்னன் பெயர் ஐந்து முறை வந்திருந்தது. முனுசாமி என்ற பெயர் கடைசியில், விரல் அடையாளத்துக்குப் பக்கத்தில்.

“ஒரு தபா” என்றேன்.

அவள் புருஷனிடம் திரும்பி, “பாத்தியா, இங்கிலீசுல உம்பேர எழுதிக்கீறாரு” என்றாள். அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

வண்டி வந்ததும் அவள் மூட்டையை அவிழ்த்து, துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை என் கையில் வைத்தாள். “வழியில துன்னுங்க ஐயா. எங்களால ஆனது.” அவர்கள் மூன்றாம் வகுப்புப் பெட்டியை நோக்கிப் போனார்கள். நான் இரண்டாம் வகுப்பில் ஏறினேன். பௌரிங்பேட்டையில் கூட்டத்தில் அவர்களைப் பார்க்கவில்லை. பிறகு எங்கே போனார்கள், எப்படி இருந்தார்கள் என்று விசாரிக்கவும் இல்லை.

துணிக்குள் இரண்டு கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பௌரிங்பேட்டை வருவதற்குள் இரண்டையும் தின்றுவிட்டேன். நன்றாக இருந்தது.